சிறுவர் பூங்காவின் ஓரத்தில் மண், மரம், கல்: மலையகத்துக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்து முன்பள்ளி முற்றங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. மலையை வெட்டி நிரவிய ஒரு துண்டு நிலம், அதில் ஓர் இரும்பு ஊஞ்சல், ஒரு சறுக்கு, பாதி உடைந்த சீசோ. பின்னால் வெட்டிய மண்சரிவு, முன்னால் பள்ளம். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு மணித்தியாலம் பாருங்கள். ஊஞ்சலுக்கு முன்னால் இரண்டு பேர் வரிசையில் நிற்பார்கள். மிச்சப் பேர் பின்சரிவில் உரப்பையை விரித்துச் சறுக்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது கானோரத்தில், அதாவது தண்ணீர் ஓடும் வாய்க்காலின் ஓரத்தில், குந்தியிருந்து மண்சோறு ஆக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே செய்யவேண்டியது புதுப் பூங்கா இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே தேடிப்போகிற சரிவையும் ஓரத்தையும் பாதுகாப்பாக்கி, அங்கே மண், மணல், கட்டை, கல், செடி என்று சேர்ப்பதுதான் வேலை. சமதளமான நடுப்பகுதியைத் தொடவேண்டாம். கிளித்தட்டுக்கும் கிரிக்கெட்டுக்கும் மலையில் வேறு சமதளம் கிடையாது.

முதல் வேலை: மழையில் போய் நிற்பது

குடையை எடுத்துக்கொண்டு நல்ல மழை பெய்யும்போது போங்கள். இந்த நாட்டில் மண்வேலையைக் கெடுப்பது தண்ணீர். வெயிலில் அழகாகத் தெரிகிற இடம் மழையில் ஓடையாகிவிடும். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மேலிருந்து தண்ணீர் எந்த இடத்தால் உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, எதன் வழியாக வெளியே போகிறது. மூன்று இடத்திலும் கம்பு நட்டுத் துணி கட்டிவிடுங்கள்.

மழை விட்ட அடுத்த நாள், மணல்குழிக்கு நினைத்திருக்கும் இடத்தில் 1 அடி அகலம், 1 அடி நீளம், 1 அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஊற்றியது 4 மணித்தியாலத்துக்குப் பிறகும் நின்றால் அது களிமண் தளம். அங்கே குழி வெட்டினால் குளம்தான் கிடைக்கும். மணலை நிலத்துக்கு மேலே பெட்டி கட்டித்தான் போடவேண்டும்.

சரிவையும் அன்றே பாருங்கள். மேல்விளிம்பில் நீளவாக்கில் வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது வேலிக்கம்பம், முன்பு இல்லாத ஊற்று, ஊற்றிலிருந்து திடீரென்று கலங்கல் தண்ணீர், பக்கத்துக் கட்டடச் சுவரில் புதுக் கீறல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அறிவியுங்கள். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஒரு விதியை எழுதி ஒட்டிவையுங்கள்: சரிவின் அடியை வெட்டக்கூடாது. இடம் போதவில்லை என்று அடியில் இரண்டடி வெட்டி எடுப்பதுதான் சிரமதானங்களில் நடக்கிற மிகப் பெரிய தவறு. அந்த இரண்டடி மண்தான் மேலே உள்ளதைத் தாங்கிக்கொண்டிருந்தது. 6 அடிக்கு மேல் உயரமான, அல்லது 45 பாகைக்கு மேல் செங்குத்தான சரிவு விளையாட்டுக்கு ஆகாது. அதற்கு வேலி போட்டுவிட்டு வேறு பக்கம் பாருங்கள்.

அனுமதி, காலம்

நிலம் தோட்டக் கம்பனியின் பொறுப்பிலா, பிரதேச சபையிடமா, பாடசாலையிடமா என்று முதலில் தெளிவாகட்டும். வாய்வார்த்தை போதாது. தோட்டத்தை நடத்தும் துரை மாறினால் அனுமதியும் மாறிவிடும், ஆகவே ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டை ஏற்றுவதற்கும் ஆற்று மணல் இறக்குவதற்கும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். லொறி வருவதற்கு முன் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுங்கள்.

மண்வேலைக்கான மாதம் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் வெட்டிய மண் ஆற்றுக்குத்தான் போகும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. காற்று அடிக்கும், மண் காய்ந்திருக்கும். செடி நடுவது இதற்கு எதிர்மாறு: மேற்கில் மே, ஜூன், பதுளை இருக்கும் ஊவாவில் ஒக்டோபர். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் உறைபனி விழுவதால் இளஞ்செடிகளை அப்போது நடவேண்டாம்.

கான் வெட்டுதல்

மற்ற எதையும் தொடுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் கான் வெட்டிப் பழகியவர் ஒருவராவது எந்த லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள்.

சரிவின் மேல்விளிம்பிலிருந்து 3 அடி பின்தள்ளி, 1 அடி அகலம், 15 அங்குல ஆழத்தில், பக்கங்கள் சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். வாட்டம் 120 க்கு 1, அதாவது ஒவ்வொரு 10 அடிக்கும் 1 அங்குலம் இறக்கம். அதைவிடக் கூடினால் கான் தன்னைத்தானே அரித்துக்கொள்ளும், குறைந்தால் வண்டல் நிற்கும். வாட்டம் பிடிக்க 20 அடி நீள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் போதும்.

தேயிலை மலையில் வெட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கானுக்குள் இடையிடையே மண்தடுப்பு விட்டு வெட்டுவார்கள். அங்கே அது சரி; வண்டலும் தண்ணீரும் மலையிலேயே தங்கவேண்டும். பிள்ளைகள் விளையாடும் சரிவுக்கு மேலே தண்ணீர் தங்கவே கூடாது. தங்கினால் அது சரிவுக்குள் இறங்கி மண்ணை ஊறவைக்கும். ஆகவே இங்கே தடுப்பு விடவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கான் முடிகிற இடத்தில் 3 அடி நீளத்துக்குக் கைக்கடக்கமான கற்களைப் பதியுங்கள். அந்தத் தண்ணீர் கீழ் லயத்தின் அடுப்படிக்குப் போகாதபடி ஏற்கெனவே இருக்கும் பெரிய கானில் சேர்க்கவேண்டும். பிள்ளைகள் கானைக் கடக்கும் இடத்தில் பலகையை இடைவெளியில்லாமல் அடியுங்கள். 8 முதல் 25 மில்லிமீற்றர் இடைவெளியில் சின்ன விரல் மாட்டிக்கொள்ளும்.

தோண்டிய மண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். சமதளம் மட்டுமே உள்ள இடத்தில் அதுவே ஒரு மேடாகும். 3 அடி உயரம், அடிவிட்டம் 20 அடி, உச்சிவிட்டம் 3 அடி என்றால் கிட்டத்தட்ட 3¾ கியூப் மண் (1 கியூப் என்பது 100 கனஅடி). இறுகும்போது வற்றுவதால் 4½ கியூப் கணக்கு வையுங்கள். 6 அங்குலத்துக்கு ஒரு தடவை இடித்து இறுக்கி ஏற்றவேண்டும். ஒரே நாளில் குவித்துவிட்டால் முதல் மழைக்கே பிளந்துவிடும்.

இருக்கும் இரும்புச் சாமான்கள்

ஊஞ்சல் தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம், முன்னாலும் பின்னாலும் வெறுமையாக இருக்கவேண்டும். 7 அடி உயர ஊஞ்சல் என்றால் 14 அடி. மற்றச் சாமான்களைச் சுற்றி 6 அடி. இந்த எல்லைகளைச் சாம்பலால் கோடு போட்டுவிட்டால் கட்டையும் கல்லும் எங்கே வைக்கலாம் என்பது தானாகவே தெரியும்.

ஏணி துருப்பிடித்த சறுக்கு இருந்தால் அதைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஏணியையும் கால்களையும் வெட்டி எடுத்துவிட்டு, சறுக்குத் தகட்டை மட்டும் சரிவில் படுக்கவைக்கலாம்.

சரிவுச் சறுக்கும் படியும்

மலையகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது. சரிவில் படுத்த சறுக்கில் பக்கவாட்டில் விழுந்தாலும் நிலம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 30 முதல் 35 பாகை போதும், 40 ஐத் தாண்டவேண்டாம். 5 அடி உயரச் சரிவில் 30 பாகைக்குத் தகட்டின் சரிந்த பகுதி மட்டும் 10 அடி நீளம் வேண்டும்.

வைக்கும் முறை: தகட்டின் அகலத்தைவிட 4 அங்குலம் கூட்டி, 5 அங்குல ஆழத்துக்கு மண்ணைச் சீவுங்கள். அடியில் 3 அங்குலம் முக்கால் அங்குலச் சல்லிக்கல் பரப்பி, அதன்மேல் தகட்டை வையுங்கள். தகட்டின் கீழே நான்கு இடத்தில் குறுக்குக் கம்பி ஒட்டவைத்து, அதை 18 அங்குல ஆழக் கொங்கிரீட் கட்டிகளில் பிடிக்கவேண்டும். பக்க விளிம்புகளை மண்ணால் மூடிப் புல் பதியுங்கள். வெளியேறும் முனையில் 3 அடிக்குத் தகடு மட்டமாக வரவேண்டும், நிலத்திலிருந்து உயரம் 8 அங்குலத்துக்குள். அதற்கு முன்னால் 6 அடி வெறுமை.

கெடுவது எங்கே? தலைமாட்டில். மேலேயுள்ள கான் சரியில்லை என்றால் மழைத்தண்ணீர் தகட்டின் அடியில் புகுந்து சல்லியைக் கழுவிக்கொண்டு போகும். ஒரு பருவமழை முடிவதற்குள் தகடு தொங்கிவிடும், விளிம்பு மேலே எழும், கால் கிழியும். தலைமாட்டில் 3 அடிக்கு 3 அடி கல் பதித்த மேடை ஒன்று கட்டாயம் வேண்டும். அது இரண்டு பக்கமும் சற்றுச் சாய்ந்திருந்தால் தண்ணீர் தகட்டுக்கு வராது. இரும்பு மத்தியான வெயிலில் சுடும், ஆகவே மேற்கைப் பார்த்த சரிவை விடுங்கள், அல்லது மர நிழலைத் தேடுங்கள்.

ஏறுவதற்குச் சறுக்கிலிருந்து 3 அடி தள்ளிப் படி. 4 முதல் 5 அங்குல விட்டமுள்ள, 3 அடி நீளக் கட்டைகளைக் குறுக்கே வைத்து, ஒவ்வொன்றின் கீழ்ப்பக்கமும் 2 அடி முளை இரண்டு அறையுங்கள். முளையின் தலை கட்டைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. படியின் உயரம் 6 அங்குலம், ஆழம் 12 அங்குலம். 5 அடிக்கு 10 படி. மிதிக்கும் இடத்தில் வெறும் மண் வேண்டாம், சல்லி நிரப்புங்கள். வெறும் மண் என்றால் நூறு கால் மிதித்ததும் சோப்புதான்.

படிக்குப் பக்கத்தில் முடிச்சுக் கயிறு ஒன்று கட்டலாம். தும்புக் கயிறு கைக்கு இதமாக இருந்தாலும் நம் மழைக்கு உள்ளுக்குள் உளுத்துவிடும், வெளியே தெரியாது. 20 மில்லிமீற்றர் நைலோன் கயிறே நல்லது. 16 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. மேல்முனை கட்டையில், கீழ்முனையும் ஒரு முளையில். கீழ்முனையைத் தளர விட்டால் கழுத்தில் சுற்றும் ஆபத்து இருக்கிறது.

மிச்சச் சரிவை வெட்டிவேர் பிடித்துக்கொள்ளும். சமவுயரக் கோட்டில், 6 அங்குலத்துக்கு ஒரு தூர், வரிசைக்கு வரிசை 4 அடி. மானாப்புல் எளிதாகக் கிடைக்கும் என்று அதை நடவேண்டாம். அதன் விளிம்பு பிள்ளையின் கையை அறுக்கும்.

கட்டைகள்

எந்த மரம் என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கும். யூகலிப்டஸ் வைரம் ஏறியது என்றால் மண்ணில் நன்றாக நிற்கும். நாம் சவுக்கு என்று சொல்லும் தேயிலை நிழல்மரம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் சில வருடத்தில் மண்மட்டத்தில் உளுத்துவிடும் என்பதை ஒப்புக்கொண்டு வையுங்கள். வாகையும் பைனசும் மண்ணுக்குள் வைக்க வேண்டாம்.

மூன்று வகைக் கட்டையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒன்று, ரயில் பாதையின் பழைய சிலிப்பர் கட்டை. அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் தோலைப் பாதிக்கும், புற்றுநோயுடன் தொடர்புள்ளது. இரண்டு, மருந்தேற்றிய பழைய மின்கம்பம். மூன்று, ஆணி நிறைந்த கட்டடப் பலகை. கட்டையோடு சம்பந்தமில்லாவிட்டாலும் இங்கேயே சொல்லவேண்டியது: உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டைப் பாத்திக்கு வரம்பாகக் குத்திவைக்கும் பழக்கம் லயங்களில் உண்டு. முற்றத்தில் அப்படி இருந்தால் காயவிட்டு உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத்துண்டாக எடுத்துப் பொலித்தீனில் சுற்றி அப்புறப்படுத்துங்கள்.

மிதிகட்டை நடுவது இப்படி. 10 முதல் 12 அங்குல விட்டமுள்ள கட்டையை 30 அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். பட்டையை முழுக்க உரித்துவிடுங்கள். உரிக்காவிட்டால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் தங்கும், பூரான் குடியேறும், ஒருநாள் மிதிக்கும்போது பட்டை மட்டும் கழன்று வரும். மேல்விளிம்பைச் சுற்றி அரை அங்குலம் சீவி மழுக்குங்கள். மேல்முகத்தில் மரம் அறுக்கும் வாளால் 3 மில்லிமீற்றர் ஆழத்தில் குறுக்கும் நெடுக்கும் கோடு இழுங்கள். பாசி பிடித்தாலும் கால் வழுக்காதிருக்க இதுதான் வழி.

குழி 22 அங்குல ஆழம். அடியில் 4 அங்குலம் சல்லி. கட்டை அந்தச் சல்லிமேல் உட்காரும். 18 அங்குலம் உள்ளே, 12 அங்குலம் வெளியே. சுற்றிலும் 4 அங்குலத்துக்கு ஒரு தடவை மண்ணைப் போட்டு அலவாங்கின் தடித்த முனையால் இடியுங்கள். கடைசி அடுக்கு கட்டையை நோக்கி உயர்ந்து வெளிப்பக்கம் சரியட்டும். பலம் வேண்டும் என்று கொங்கிரீட்டில் நடுகிறார்கள். அது கட்டைக்குக் கிண்ணம் செய்து வைப்பது போல. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அடி சீக்கிரம் அழுகிவிடும். சல்லிமேல் நட்ட கட்டை அதைவிட அதிக நாள் நிற்கும்.

3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டைக்கும் கட்டைக்கும் இடைவெளி 12 அங்குலம், பெரிய பிள்ளைகளுக்கு 18. எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நடாமல் 6, 9, 12 அங்குலம் என்று கலந்து நட்டால் பிள்ளைகள் அலுக்காமல் சுற்றிச் சுற்றி வருவார்கள். 12 கட்டை ஒரு வளைவுக்குப் போதும்.

படுக்கை மரம் என்றால் 1 அடி விட்டம், 10 அடி நீளம். பச்சை மரம் கிட்டத்தட்ட 200 கிலோ எடை இருக்கும். இரண்டு பேர் உருட்டிக் கொண்டுவரும் சாமான் இல்லை. கயிறும் காவுதடியும் எட்டுப் பேரும் வேண்டும். சமதளத்தில் மட்டும் வையுங்கள். விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும், இரண்டு பக்கமும் கல்லால் ஆப்பு வையுங்கள். சரிவில் வைத்த மரம் என்றாவது ஒருநாள் உருளும்.

மரத்தை மரத்தின்மேல் அடுக்கி ஏறுவதற்கு ஏதாவது செய்தால் இடைவெளிகளை அளந்து பாருங்கள். 9 முதல் 23 சென்ரிமீற்றர் வரையான, நாலு பக்கமும் அடைபட்ட இடைவெளி ஆபத்தானது. பிள்ளையின் உடல் நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். ஒன்றில் அதைவிடச் சின்னதாக அடையுங்கள், இல்லையென்றால் பெரிதாகத் திறந்துவிடுங்கள்.

தோட்டத்தில் பழைய தேயிலை பிடுங்கும் மலை இருந்தால் நாலைந்து தூர் கேட்டு வாங்குங்கள். நூறு வருடம் கவ்வாத்துப் பண்ணி, அதாவது கிளை வெட்டி வெட்டி, முறுக்கேறிய தூர் கல்லைப் போல இருக்கும். கூரான முனைகளை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தலைகீழாக நட்டால் ஏறவும் ஒளியவும் சட்டி மாட்டவும் ஒன்றே போதும். களைநாசினி அடிக்கிற மலை என்றால் கழுவி ஒரு மாதம் மழையில் போட்டு எடுங்கள்.

விழும் இடம்

2 அடிக்குக் கீழான எதற்கும் நல்ல புல்தரை போதும். அதற்கு மேல் என்றால் அடியில் 12 அங்குலம் மணல் அல்லது மரச்சீவல், எல்லாப் பக்கமும் 5 அடி பரப்புக்கு வேண்டும். மரத்தூள் வேண்டாம், நனைந்தால் சேறு. மரச்சீவல் நம் ஈரத்தில் மக்கி வற்றிக்கொண்டே வரும், வருடத்துக்கு ஒரு தடவை நிரப்பவேண்டும். முடிந்தவரை எதையும் 2 அடிக்கு மேல் உயர்த்தாமலே திட்டமிடுங்கள். உயரத்தைச் சரிவு தந்துவிடும்.

மணல்

8 அடிக்கு 8 அடி, ஒன்றரை அடி ஆழம் என்றால் 96 கனஅடி, அதாவது ஏறக்குறைய 1 கியூப். கணக்குச் சுலபம் என்பதாலேயே இந்த அளவைச் சொல்கிறோம். 10 பிள்ளைகளுக்கும் அது போதும். கழுவிய ஆற்று மணல் எடுங்கள். கடல் மணலில் உப்பு, குவாரித் தூசில் நுரையீரலுக்கு ஆகாத பொடி.

களித்தளம் என்றால் நிலத்துக்கு மேலே 18 அங்குல உயரத்துக்குக் கட்டை வரம்பு கட்டுங்கள். வடியும் தளம் என்றால் குழி வெட்டலாம், ஆனால் அடியில் 4 அங்குலம் சல்லி, அதன்மேல் நாற்றுமேடைக்குப் போடும் பச்சை வலை இரண்டு மடிப்பு, ஒரு மூலையிலிருந்து கானுக்கு 2 அங்குல பீ.வீ.சீ. குழாய். வலை இல்லாவிட்டால் மணல் சல்லிக்குள் இறங்கிக்கொண்டே போகும், ஆறாம் மாதம் பாதிக் குழிதான் மிஞ்சும்.

மூடி கட்டாயம். பூனைக்கும் நாய்க்கும் இதைவிட நல்ல கழிப்பிடம் கிடையாது, அவற்றின் மலத்திலுள்ள புழு முட்டை பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும். தார்ப்பாய் போடுகிறீர்கள் என்றால் நடுவே ஒரு மூங்கிலைக் குறுக்காக வைத்துக் கூரைபோல் சரியவிடுங்கள். தட்டையாக விரித்தால் அதன்மேலேயே தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகும். காலையில் வாரியால் ஒரு தடவை கிளறிய பிறகே பிள்ளைகளை விடவேண்டும்.

மண் அடுப்படியும் பீலியும்

இதற்குச் செலவே இல்லை. 20 அங்குல உயரத்தில் ஒரு பலகை, அடி ஓட்டையான அலுமினியச் சட்டி, அகப்பை, தேங்காய்ச் சிரட்டை, பழைய கொழுந்துக்கூடை. கண்ணாடி, பீங்கான், விளிம்பு கூரான தகர டின் ஆகாது. பூச்சிமருந்து வந்த கலன்களைக் கழுவினாலும் கொடுக்கவேண்டாம். களிமண்ணைச் சல்லடையில் அரித்து ஒரு தொட்டியில் தனியாக வையுங்கள். தோண்டிய இடத்து மண்ணில் பிளேடு, பற்றரி, உடைந்த போத்தல் எல்லாம் இருக்கும்.

பீலிக்கு 4 அங்குல விட்டமுள்ள மூங்கிலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கணுக்களை உளியால் எடுத்து, விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். 4 அடித் துண்டு நாலு, ஒன்றின் வாய்க்குக் கீழே மற்றதன் தலை வருமாறு, தூக்கி மாற்றக்கூடியபடி கவைக்கம்புகளில் வைத்துவிடுங்கள். ஆணி அடித்து நிலையாக வைத்தால் பிள்ளைகள் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள். மாற்றி மாற்றி அடுக்குவதில்தான் விளையாட்டு இருக்கிறது. தண்ணீருக்குக் குழாய் வைத்த 20 லீற்றர் கலன் ஒன்று போதும். காலையில் நிரப்பி, மாலையில் கவிழ்த்துவிடலாம். ஓடைத் தண்ணீரைத் திருப்ப வேண்டாம். மேல் லயத்துக் கழிவு எங்கே கலக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. கடைசிப் பீலியின் கீழே ஒரு கூடைச் சல்லி கொட்டி, அங்கிருந்து கானுக்கு வழிவிடுங்கள்.

செடிகள்

சுருக்கமாகச் சொல்வதென்றால்: செவ்வரத்தை, கொய்யா, கற்பூரவள்ளி, வல்லாரை, புதினா நல்லவை. ஆறு கம்பைக் கூம்பாகக் கட்டி போஞ்சியோ பேஷன் புரூட்டோ படரவிட்டால் இரண்டு மூன்று பேர் உட்காரும் குடிசை. போஞ்சியைப் பச்சையாகத் தின்னக்கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள். வாசலை 2 அடி அகலத்துக்குக் குறையாமல், ஆசிரியர் நிற்கும் பக்கம் பார்த்து வையுங்கள். 3 அடி உயரத்துக்கு மேல் எந்தப் புதரும் பார்வையை மறைக்கக் கூடாது.

பிடுங்கவேண்டியவை: அலரி, ஆமணக்கு, குன்றிமணிக் கொடி, நாயுண்ணி, காஞ்சொறி. நுவரெலியாப் பக்கம் வேலியோரத்தில் பெரிய மணிபோல் தலைகீழாகத் தொங்கும் வெள்ளை, இளஞ்சிவப்பு ஊமத்தை வகையையும் விட்டுவைக்காதீர்கள். அழகாக இருக்கும், முழுச் செடியும் நஞ்சு.

அட்டையும் குளவியும்

அட்டை ஈரமும் நிழலும் நீண்ட புல்லும் உள்ள இடத்தில் நிற்கும். விளையாடும் இடத்தைச் சுற்றி 3 அடிக்குப் புல்லை 2 அங்குலத்துக்கு வெட்டி, ஓரமாக ஓர் அடிக்குச் சல்லிப் பட்டை போட்டால் பெரும்பாலும் குறைந்துவிடும். குளவி வேறு விஷயம். பொந்துள்ள கட்டை, குடிசையின் உட்புறம், பீலி மூங்கிலின் துளை, சுற்றியுள்ள உயர்ந்த மரங்கள், பாறை முகப்பு எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். கூடு தெரிந்தால் பிள்ளைகளை உள்ளே எடுத்துவிட்டு அறிவியுங்கள். புகைபோடும் வீரம் வேண்டாம்.

பராமரிப்புக் கொப்பி

ஒரு கொப்பி, ஒரு பெயர். பொறுப்பாளர் யார் என்று எழுதாத இடத்தில் எல்லாரும் பொறுப்பாளர்கள், ஆகவே யாரும் பார்ப்பதில்லை.

தினமும்: மணலைக் கிளறுதல், தண்ணீர்க் கலன்களைக் கவிழ்த்தல், கண்ணாடித் துண்டு பார்த்தல். வாரத்துக்கு ஒரு தடவை: தண்ணீர் நிற்கும் சிரட்டை, மூங்கில் கணு, கட்டைப் பொந்து எல்லாவற்றையும் வடித்தல். நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். மாதத்துக்கு ஒரு தடவை: மிதிகட்டைகளின் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தல், கயிற்றை முறுக்கிப் பிரித்து உள்ளே பார்த்தல், கானைத் துப்புரவாக்குதல்.

பெருமழைக்குத் தனிப் பக்கம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மண்சரிவுக்கான முதற்கட்ட விழிப்பு, 100 இல் எச்சரிக்கை, 150 இல் வெளியேற்றம். தோட்ட அலுவலகத்தில் மழைமானி இருக்கும், காலையில் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். 75 ஐத் தாண்டிய நாளில் சரிவுப் பக்கம் பிள்ளைகளை விடவேண்டாம். மழை விட்ட பிறகு மேல்விளிம்பு, கான், சறுக்கின் தலைமாடு மூன்றையும் நடந்து பார்த்துவிட்டுத் திறக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கட்டையும். மண்மட்டத்தில் ஒரு அங்குலம் மண்ணை விலக்கி, ஸ்குரூட்ரைவரைக் குத்துங்கள். நல்ல மரம் முனையைத் தள்ளிவிடும். அரை அங்குலத்துக்கு மேல் பஞ்சுபோல் உள்ளே போனால் அந்தக் கட்டை முடிந்தது. சுத்தியலால் தட்டினால் சத்தமும் டொக் என்று கட்டியாக வராமல் பொத்தென்று வரும். அன்றே பிடுங்கிக் குழியை மூடுங்கள். புதுக் கட்டை வரும்வரை குழியைத் திறந்து வைத்தால் மறுநாளே யாராவது ஒருவர் கால் வைப்பார். பிடுங்கிய கட்டையை எறியாமல் ஒரு மூலையில் படுக்கவையுங்கள். வண்டும் மரவட்டையும் காளானும் சேர்ந்ததும், பூதக்கண்ணாடியோடு பிள்ளைகள் அங்கே போய்க் குந்துவார்கள்.